கார் ரிமோட் சாவி பழுதானால்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். டிவி, இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின் போர்டுகளுக்கு நடுவே கார் சாவிகளும் மேசைக்கு வருகின்றன. "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்லிவிட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டேதான் பலர் சாவியை நீட்டுகிறார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் சில ரூபாய் பெறும் ஒரு பாகம்தான் கெட்டிருக்கும். நல்ல சாவி குப்பைக்குப் போவதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. அதனால், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கேள்வி: ரிமோட் சாவிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரே கூட்டுக்குள் மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, பூட்டைத் திருப்பும் உலோகத் தகடு. இரண்டாவது, பட்டனை அழுத்தியதும் ரேடியோ சமிக்ஞை அனுப்பும் சிறிய போர்டு. நம் நாட்டில் ஓடும் கார்களில் இது பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. பேட்டரி தேவைப்படுவது இதற்குத்தான். மூன்றாவது, இம்மொபிலைசர் சிப். அதற்குப் பேட்டரி வேண்டாம். இக்னிஷன் துளையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அது உண்டாக்கும் காந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன் அடையாளத்தை வண்டிக்குத் தெரிவிக்கிறது. அடையாளம் பொருந்தினால்தான் இன்ஜின் ஓடும். மாருதி கார்களில் 'ஐகேட்ஸ்' என்று எழுதியிருப்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பழுதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பட்டன் வேலை செய்யவில்லை, ஆனால் சாவியைப் போட்டுத் திருகினால் வண்டி ஓடுகிறது என்றால் சிப் நன்றாக இருக்கிறது, பழுது ரிமோட் போர்டில். பட்டனில் கதவு திறக்கிறது, ஆனால் இன்ஜின் பிடிக்காமல் மீட்டரில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னுகிறது என்றால் போர்டு நலம், சிக்கல் சிப்பிலோ வண்டியின் கம்பிச்சுருளிலோ இருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு. கடையில் சாவியை நீட்டும்போது "சாவி வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாமல் இதில் எது நடக்கிறது என்று சொல்லுங்கள். தேவையில்லாத வேலைக்குப் பணம் கொடுப்பது பெருமளவு குறையும்.

கேள்வி: பட்டனை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து அழுத்திப் பாருங்கள். அது வேலை செய்தால் குறை முதல் சாவியில். இரண்டுமே செய்யவில்லை என்றால் சாவியைத் திறக்கவே வேண்டாம், வண்டியைப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், கதவு பூட்டுகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஈரம் இறங்கியிருக்கலாம். டேஷ்போர்டு கேமராவுக்கோ போனுக்கோ மலிவான சார்ஜர் எப்போதும் செருகியே இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள். அது கிளப்பும் மின் இரைச்சல் ரிமோட்டின் மெல்லிய சமிக்ஞையை மூழ்கடிப்பதுண்டு.

பட்டனை அழுத்தும்போது சாவியில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஆகவே ரிமோட் நன்றாக இருக்கிறது என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பட்டனும் பேட்டரியும் ஓரளவு உயிரோடு இருக்கின்றன என்பதை மட்டுமே அந்த விளக்கு காட்டுகிறது. அலை வெளியே போகிறதா என்பதை அலைவரிசை சோதிக்கும் சிறு கருவியில்தான் பார்க்க வேண்டும். சாவி வேலை செய்யும் கடைகளில் அது இருக்கும். போன் கேமராவில் பார்க்கும் வழி டிவி ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளிக்குச் சரி, கார் ரிமோட்டின் ரேடியோ அலைக்கு அது உதவாது.

கேள்வி: எந்தப் பேட்டரி போட வேண்டும்? மாற்றினால் கோடிங் அழிந்துவிடுமா?

அழியாது. சாவியின் அடையாளம் மின்சாரம் இல்லாமலும் நிலைத்திருக்கும் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த அச்சத்தினாலேயே பேட்டரி மாற்றாமல் மாதக்கணக்கில் கதவருகே நின்று போராடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம்.

பெரும்பாலான சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032. எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்பது 2.5 மில்லிமீட்டர், 2016 என்பது 1.6 மில்லிமீட்டர். மூன்றுக்கும் மின்னழுத்தம் ஒன்றே, 3 வோல்ட். அதனால்தான் "எதுவாக இருந்தால் என்ன" என்று மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். மெல்லியதைப் போட்டால் தொடுமுனை சரியாகப் பிடிக்காது. தடிமனானதைத் திணித்தால் பிடிப்பான் வளைந்து போர்டிலிருந்து பெயரும். பழைய பேட்டரியின் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.7 அளவுக்கு இறங்கியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. நடைபாதையில் அட்டையோடு கிழித்துத் தருகிற பெயர் தெரியாத பேட்டரி மலிவுதான். ஆனால் சில மாதங்களில் சோர்ந்துவிடுகிறது, சில கசிந்து போர்டையே அரித்துவிடுகின்றன. நல்ல நிறுவனத்துப் பேட்டரியை, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள்.

கூட்டைத் திறக்கும்போது கத்தியைக் குத்தாதீர்கள். ஓரத்தில் சிறு பள்ளம் இருக்கும். அதில் பிளாஸ்டிக் பட்டையையோ துணி சுற்றிய தட்டையான ஸ்குரூடிரைவரையோ வைத்து மெதுவாகத் திருகினால் போதும். கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் வாயில் வைக்காமலிருக்க சில நிறுவனங்கள் பேட்டரியின் மேல் கசப்புப் பூச்சு பூசுகின்றன. சில சாவிகளில் அந்தப் பூச்சு தொடுமுனைக்குக் குறுக்கே நிற்கிறது. புதுப் பேட்டரி போட்டும் அசைவே இல்லை என்றால், ஓரத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (போர்டு துடைக்கும் திரவம்) தொட்ட துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

கேள்வி: புதுப் பேட்டரி போட்டாயிற்று. இன்னும் வேலை செய்யவில்லை. சாவி போய்விட்டதா?

பெரும்பாலும் போகவில்லை. அதிகம் பார்ப்பது தேய்ந்துபோன பட்டன்தான். வெளியே நீங்கள் அழுத்தும் ரப்பருக்கு அடியில், போர்டின் மேல், அரிசி அளவில் ஒரு மைக்ரோ சுவிட்ச் இருக்கிறது. பல ஆயிரம் முறை அழுத்தப்பட்ட பின் உள்ளேயிருக்கும் மெல்லிய தகடு தளர்ந்துவிடும். அறிகுறி தெளிவானது: பூட்டும் பட்டன் வேலை செய்யும், திறக்கும் பட்டன் செய்யாது, அல்லது நகத்தால் ஓங்கி அழுத்தினால் மட்டும் செய்யும். அந்தச் சுவிட்ச் ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழையதைச் சூட்டில் எடுத்துவிட்டுப் புதியதைச் சால்டர் செய்தால் சாவி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மொபைல் போன் போர்டு வேலை தெரிந்த எவருக்கும் இது சிறிய வேலை. பர்மா பஜாரிலோ எம்.சி. ரோட்டுப் பக்கமோ உங்கள் போனைச் சரிசெய்து கொடுத்தவரையே கேட்கலாம். ஒரே நிபந்தனை: பழைய சுவிட்சின் உயரத்தையும் கால்களின் அமைப்பையும் பார்த்து வாங்க வேண்டும். சற்றே உயரமான சுவிட்சைப் போட்டால் கூட்டை மூடியதும் பட்டன் அழுந்தியபடியே நின்று பேட்டரியை ஒரே வாரத்தில் குடித்துவிடும்.

அடுத்தது, பேட்டரிப் பிடிப்பானின் சால்டர் விரிசல். சாவி பலமுறை கீழே விழுந்திருந்தால் இது வரும். விட்டு விட்டு வேலை செய்வதும், கையில் தட்டினால் உயிர் வருவதும் இதன் அடையாளம். சூடு காட்டி ஈயத்தை மறுபடி உருக்கினால் சரியாகிவிடும்.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது, உப்பு. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கடலோரத்திலிருந்து வரும் சாவிகளைத் திறந்தாலே தெரிந்துவிடுகிறது. தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஈரக் கையோடு, மீன் பெட்டி தூக்கிய கையோடு சாவியைப் பிடிக்கும் வேலை அங்குள்ள பலருடையது. குறை சொல்ல முடியாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் கொண்டு தேய்த்துக் களிம்பை எடுக்கலாம். செப்புத் தடம் அறுந்திருந்தால் மெல்லிய கம்பியால் இணைக்கலாம். சாவிக்கு ஒரு சிலிகான் உறை போட்டு, வாரம் ஒருமுறை உறையைக் கழற்றி உள்ளே துடைத்து வந்தால் போர்டு பல ஆண்டு நிற்கும்.

ஆயுத பூசைக்குப் பிறகும் சில சாவிகள் வருகின்றன. சந்தனமும் குங்குமமும் நீர் கலந்து பட்டன் இடுக்கு வழியே உள்ளே இறங்கியிருக்கும். வடிவுடையம்மன் காலடியில் சாவியை வைத்து எடுப்பது நம் வழக்கம், அதை யாரும் விட வேண்டியதில்லை. பொட்டை மட்டும் சாவி வளையத்திலோ தோல் பட்டையிலோ வையுங்கள்.

இவை எதுவும் இல்லாமல், ரிமோட் வண்டியோடு வரிசை தவறியிருக்கவும் கூடும். ரிமோட் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் புதிய எண் ஒன்றை அனுப்புகிறது. வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யைப் போல, ஒருமுறை பயன்பட்ட எண் மறுபடி செல்லாது. வண்டியும் அடுத்து வரக்கூடிய எண்களை ஓரளவு தூரம் எதிர்பார்த்துக் காத்திருக்கும். வீட்டில் குழந்தை சாவியை வைத்து விளையாடி, வண்டிக்குக் கேட்காத தூரத்தில் எக்கச்சக்கமாக அழுத்தியிருந்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். பல கார்களில் சாவியை இக்னிஷனில் 'ஆன்' நிலையில் வைத்துப் பட்டனை அழுத்தினால் மறுபடி பொருந்திவிடும். எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது.

கேள்வி: கூடு உடைந்துவிட்டது. கூடு மட்டும் மாற்ற முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் இணையக் கடைகளிலும் பல மாடல்களுக்கு வெற்றுக் கூடு கிடைக்கிறது. பட்டன்களின் எண்ணிக்கை, போர்டு உட்காரும் பள்ளம், தகட்டின் வகை மூன்றும் பொருந்த வேண்டும்.

இங்கேதான் அதிக இழப்பு நடக்கிறது, ஆகவே கவனமாகப் படியுங்கள். பல மடக்குச் சாவிகளில் இம்மொபிலைசர் சிப் போர்டின் மேல் இருக்காது. கூட்டின் ஓர் ஓரத்துப் பள்ளத்தில், கருநிறத் துண்டாகவோ மெல்லிய கண்ணாடிக் குழலாகவோ, நகத்தைவிடச் சிறியதாகச் செருகப்பட்டிருக்கும். போர்டை மட்டும் புதுக் கூட்டுக்கு மாற்றிவிட்டுப் பழைய கூட்டைக் குப்பையில் போட்டால் சிப்பும் அதோடு போய்விடும். அதன் பிறகு கதவு திறக்கும், வண்டி கிளம்பாது. பட்டனில் கதவு திறப்பதால், குறை சாவியில் இருக்கிறது என்றே தோன்றாமல் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பெட்ரோல் பம்பையும் கழற்றிப் பார்த்துச் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள். பழைய கூட்டின் ஒவ்வொரு மூலையையும் வெளிச்சத்தில் பாருங்கள். புதுக் கூட்டில் வண்டி கிளம்புவதைப் பார்க்கும்வரை பழையதைக் கைவிடாதீர்கள்.

தகட்டை, முடிந்தால், அதைப் பிடித்திருக்கும் ஊசியைத் தட்டிப் பழைய கூட்டிலிருந்து எடுத்துப் புதியதில் பொருத்துங்கள். புதுத் தகடு வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டும்போது அதன் தேய்மானமும் சேர்ந்தே வெட்டப்படும் என்பதை நினைவில் வையுங்கள். புது வண்டி வாங்கியபோது சாவி எண் பொறித்த சிறு தகடு ஒன்று வளையத்தில் தொங்கியிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு வெட்டினால் தொழிற்சாலை அளவிலேயே கிடைக்கும்.

கேள்வி: சாவி தண்ணீரில் விழுந்துவிட்டது. துணியோடு சேர்த்துத் துவைத்தும் விட்டோம்.

உடனே பேட்டரியை எடுங்கள். நீரும் மின்சாரமும் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் செம்பு கரைகிறது. விழுந்தது கடல் நீர் என்றால் போர்டை நல்ல நீரில் அலசுங்கள். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் சிறந்தது. நனைந்த போர்டை மேலும் நனைப்பதா என்று தயங்க வேண்டாம். உப்பு காய்ந்து ஒட்டினால் சில நாளில் போர்டு போய்விடும். பிறகு ஆல்கஹாலில் கழுவி, ஒரு நாள் முழுக்க மின்விசிறிக் காற்றில் காயவிட்டுப் புதுப் பேட்டரி போடுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் பயன் இல்லை. தலைமுடி உலர்த்தியின் கடும் சூடு ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் நெளித்துவிடும்.

கேள்வி: புஷ் ஸ்டார்ட் வண்டி. எண்ணூர் விரைவுச் சாலையில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் 'சாவி இல்லை' என்கிறது. என்ன செய்வது?

பதறாதீர்கள், அங்கேயே கிளப்பிவிடலாம். இந்த வண்டிகளுக்கு, பையில் இருந்தாலே வண்டி அடையாளம் காணும் ஸ்மார்ட் சாவிதான். அதன் பக்கவாட்டில் ஒரு சிறிய விசை இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளேயிருந்து மெல்லிய தகடு வெளியே வரும். ஓட்டுநர் கதவில் துளை இருக்கும். சில வண்டிகளில் கைப்பிடியின் பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கும். அந்தத் தகட்டைக் கொண்டு திறந்ததும் அலாரம் கத்தினால் பயப்பட வேண்டாம், வண்டி சாவியை அடையாளம் கண்டதும் நின்றுவிடும். பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியின் உடலையே ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பேட்டரி செத்திருந்தாலும் உள்ளே இருக்கும் சிப்பை வண்டி அந்த நெருக்கத்தில் படித்துவிடும். ஹூண்டாய், மாருதி போன்ற பல வண்டிகளில் இதுதான் வழி. சிலவற்றில் ஸ்டீயரிங் தண்டருகிலோ கப் ஹோல்டரிலோ அதற்கென்று இடம் இருக்கும். கையேட்டின் அந்தப் பக்கத்தை இன்றே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில், இரவில், கையேட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சாவியும் போனும் ஒரே பையில் ஒட்டியிருந்தாலும் இந்தச் செய்தி வரலாம். போனைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: ஸ்மார்ட் சாவியின் பேட்டரி சில மாதங்களிலேயே தீர்ந்துவிடுகிறதே?

சாவியை எங்கே மாட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ராயபுரம், கொருக்குப்பேட்டைச் சந்துகளில் வாசற்படியை ஒட்டியே வண்டி நிற்கிறது. சாவி வாசலுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. வண்டி அனுப்பும் அழைப்பு அலை சாவியை எட்டும் தூரத்தில் இருந்தால், சில மாடல்களில் சாவி விழித்து விழித்துப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். வீட்டின் உள் அறைக்கு மாற்றுங்கள். டிவி, லேப்டாப், வயர்லெஸ் சார்ஜர் இவற்றின் மேலும் வைக்க வேண்டாம்.

உள் அறைக்கு மாற்றுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. வாசலில் உள்ள சாவியின் சமிக்ஞையை ஒரு கருவியால் நீட்டித்து வண்டியை ஏமாற்றும் திருட்டு முறை உலகில் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. மூடி இறுக்கமான தகர டப்பாவில் சாவியைப் போட்டு வைத்தால் அலை பெருமளவு தடுக்கப்படும். டப்பாவுக்குள் வைத்தபடியே வண்டியருகே கொண்டுபோய்க் கதவு திறக்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம்.

கேள்வி: வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. இந்தப் பேட்டரி ஆபத்தானதா?

மிகவும் ஆபத்தானது. இந்தப் பக்கத்தில் மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான இரசாயனப் புண்ணை உண்டாக்கும். தீர்ந்துபோன பேட்டரியும் அதைச் செய்யும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே 108ஐ அழையுங்கள். அல்லது ஸ்டான்லி மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ உடனே கொண்டு செல்லுங்கள். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், சோறோ வாழைப்பழமோ ஊட்ட வேண்டாம். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை விழுங்கும் நிலையில் இருந்தால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம் என்று மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. தேன் தேடுவதற்காக ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கூடு தளர்ந்து தானாகத் திறந்துகொள்ளும் சாவி வீட்டில் இருந்தால், முதல் வேலையாக அந்தக் கூட்டை மாற்றுங்கள்.

கேள்வி: புதுச் சாவிதான் வழி என்றால் ஷோரூமுக்குப் போவதா, வெளிக்கடைக்குப் போவதா?

ஷோரூமில் உங்கள் சேசிஸ் எண்ணைக் கொடுத்து அசல் சாவி வரவழைப்பார்கள். ஆர்.சி., அடையாள அட்டை கேட்பார்கள். தொலைந்ததாக இருந்தால் காவல் நிலையப் புகாரின் நகலையும் கேட்கும் இடங்கள் உண்டு. விலை கூடுதல், காத்திருப்பும் உண்டு. வாரண்டியில் உள்ள வண்டிக்கு அதுதான் சரி என்பது என் கருத்து.

வாரண்டி முடிந்த, சாதாரண மடக்குச் சாவி வண்டிக்குத் தேர்ந்த வெளிக்கடைக்காரர் தாராளமாகப் போதும். வண்டியின் கணினியோடு கருவியை இணைக்க ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகிச் செய்கிறாரா, கம்பி எதையாவது வெட்டுகிறாரா என்று பாருங்கள். வெட்ட வேண்டும் என்று சொன்னால் வேறு இடம் தேடுங்கள். ஆர்.சி. கேட்காமல் சாவி செய்து தருகிறவரிடம் போக வேண்டாம். உங்களிடம் கேட்காதவர் திருடனிடமும் கேட்க மாட்டார்.

'குளோன்' செய்கிறாரா, வண்டியில் புதிதாகப் பதிவு செய்கிறாரா என்றும் கேளுங்கள். குளோன் என்றால் பழைய சிப்பின் அடையாளம் அப்படியே இன்னொன்றில் நகலெடுக்கப்படுகிறது. வண்டிக்கு இரண்டும் ஒன்றுதான். அவசரத்துக்கு நல்லது. ஆனால் நாளை ஒன்று தொலைந்தால் அதை மட்டும் தனியே நீக்க முடியாது. பதிவு செய்வதே மேல். பல வண்டிகளில் பதிவின்போது பழைய பட்டியல் அழிந்துவிடுவதால், கையில் உள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துச் செல்லுங்கள். முடிந்ததும் வண்டியில் எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்று கருவியின் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு சாவி தொலைந்துவிட்டது. மற்றது இருக்கிறதே, பொறுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்று செய்வது எளிய வேலை. அதுவும் தொலைந்துவிட்டால் பூட்டைப் படித்துத் தகடு வெட்டவேண்டும், இம்மொபிலைசரின் ரகசிய எண்ணைப் பெறவேண்டும், சில வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டியையே கழற்றவேண்டும், ஓடாத வண்டியை இழுத்துச் செல்லவும் வேண்டும். செலவு பல மடங்காகும். தொலைந்த சாவியின் பதிவையும் நீக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு அந்தச் சாவியால் இன்ஜினைக் கிளப்ப முடியாது. ஆனால் தகடு கதவைத் திறக்கும், ஆகவே வண்டியில் பொருள்கள் வைப்பதில் கவனம் வேண்டும்.

இன்சூரன்ஸ் விஷயமும் இதில்தான் இருக்கிறது. வண்டி திருடு போனால் இழப்பீடு கேட்கும்போது நிறுவனங்கள் வண்டியோடு வந்த எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்கின்றன. ஒன்று குறைந்தால் விளக்கம் கேட்பார்கள், இழுத்தடிப்பு ஆரம்பமாகும். சாவி தொலைந்த உடனேயே காவல் நிலையத்தில் புகார் பதிந்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பாலிசியில் சாவிக்கான கூடுதல் காப்பு எடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இருந்தால் மாற்றுச் சாவியின் செலவை அதிலேயே கேட்கலாம்.

கேள்வி: புதுப்பேட்டையில் அதே மாடலின் பழைய ரிமோட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ஸ்மார்ட் சாவி என்றால் வேண்டாம். பல நிறுவனங்களின் சாவி ஒரு வண்டியோடு பதிவானதும் பூட்டிக்கொள்ளும். வேறு வண்டி அதை ஏற்காது. கூட்டுக்காகவோ பட்டன் ரப்பருக்காகவோ வாங்கினால் சரி.

கேள்வி: பழைய ஆல்ட்டோ. சென்ட்ரல் லாக் வெளிக்கடையில் போட்டது. இதற்கும் இவ்வளவு பாடா?

இல்லை. நிப்பான், ஆட்டோகாப் போன்ற வெளிப் பெட்டிகளின் ரிமோட் இம்மொபிலைசர் சிப்போடு சம்பந்தமில்லாதது. அதே பெட்டிக்குரிய ரிமோட்டை வாங்கி, டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள சிறு பட்டனை அழுத்திப் பழக்கிவிடலாம். ரிமோட் கிடைக்கவே இல்லை என்றால் பெட்டியோடு மாற்றினாலும் பெரிய செலவு இல்லை.

கேள்வி: ஃபோர்ட், செவ்ரோலே வண்டிகளுக்கு இனிச் சாவி கிடைக்குமா?

செவ்ரோலே 2017 இறுதியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. ஃபோர்ட் 2021இல் உற்பத்தி நிறுத்தத்தை அறிவித்து, மறைமலை நகர் ஆலையை 2022இல் மூடியது. உதிரிபாகச் சேவை தொடர்ந்தாலும் ஒவ்வொரு சாவிக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டாவது சாவி நன்றாக இருக்கும்போதே மூன்றாவது ஒன்றைப் பதிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது. பழைய போர்டைப் பழுதுபார்ப்பது மிகவும் பொருள்படுவதும் இந்த வண்டிகளில்தான்.

கேள்வி: மழை வெள்ளத்துக்குப் பிறகு ரிமோட் வேலை செய்யவில்லை. சாவி வீட்டுக்குள் காய்ந்துதான் இருந்தது.

அப்படியானால் சாவியைத் தொடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீரில் நின்ற வண்டிகளில் இதைத்தான் பார்த்தேன். கதவுப் பூட்டுகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு அடியில், கால் வைக்கும் இடத்துக்கு அருகே இருக்கிறது. இருக்கை மட்டம் வரை தண்ணீர் வந்தால் அது நனைந்துவிடும். இன்ஜினைக் கிளப்பிப் பார்க்காமல், 12 வோல்ட் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துச் சென்று காட்டுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிப் படமும் எடுத்துவிட்டு இழுப்பது நல்லது.

கேள்வி: தீர்ந்த பேட்டரியை என்ன செய்வது?

வீட்டுக் குப்பையோடு போட வேண்டாம். வடசென்னைக் குப்பை கொடுங்கையூரில் போய்ச் சேர்கிறது. நசுங்கினாலோ உலோகத்தோடு உரசினாலோ லித்தியம் பேட்டரி சூடேறித் தீயைத் தொடங்கிவைக்கக் கூடும். அந்தப் புகையை மூச்சில் இழுப்பவர்கள் நம் மக்கள்தான். பேட்டரியின் இரு பக்கத்தையும் செல்லோ டேப்பால் ஒட்டி மூடி, குழந்தைக்கு எட்டாத டப்பாவில் சேர்த்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். உங்களுக்குச் சாவி வேலை செய்து கொடுக்கும் கடையிலும் கேட்டுப் பாருங்கள். என்னிடம் கொண்டுவந்தால் வாங்கி வைத்து, மொத்தமாக அனுப்பிவிடுகிறேன்.